ஏற்றுமதி ஆடைக்கு ஆர்எஃப்ஐடி: டேக்கையும் ரீடரையும் தேர்ந்தெடுக்கும் முறை

ஆர்எஃப்ஐடி என்பது பொருளில் மாட்டிய சின்ன சிப் டேக்கை, ரீடர் என்ற கருவி தொடாமலே ரேடியோ அலையால் படிக்கும் முறை. அதை விற்க வருபவர் முதலில் காட்டுவது தூரத்தை. ஹாலின் ஒரு கோடியில் டேக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகோடியில் இருக்கும் ரீடர் அதைப் படித்துவிட்டதைக் காட்டுவார். எட்டு மீட்டர், பத்து மீட்டர் என்பார். திருப்பூர் பேக்கிங் செக்‌ஷனுக்கு அந்தத் தூரத்தால் லாபமில்லை, தொல்லைதான் மிச்சம். மேசையில் உள்ள பெட்டியில் 48 பீஸ் இருக்கிறதா என்று கேட்டால், பக்கத்து மேசைப் பெட்டியையும் மூலையில் கிடக்கும் டேக் ரோலையும் சேர்த்து எண்ணி 2,000 என்று சொல்கிற கருவியை நம்பி ஷிப்மென்ட் அனுப்ப முடியாது.

படிக்க வேண்டிய டேக் எல்லாம் படிபட வேண்டும், படிக்கக் கூடாதது ஒன்றுகூடப் படிபடக் கூடாது. ரீடரின் வலுவைக் கூட்டினால் முதலாவது நடக்கும், இரண்டாவது கெடும். குறைத்தால் மாறி நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி எவ்வளவு அகலம் என்பதைத்தான் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த இடைவெளியை அகலமாக்கும் வழிகள். பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டை வைத்துச் சொல்கிறோம். மற்ற சரக்குக்கு மாறுவன பிற்பகுதியில் வரும்.

எங்கே படிக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் சரக்கு கடக்கும் இடங்களை வரிசையாக எழுதுங்கள்: கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், குடோன், கண்டெய்னர், பையரின் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின்) கிடங்கு, கடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம் வேண்டும். ஒரே நேரத்தில் ரீடர் முன்னால் எத்தனை டேக் இருக்கும்? எவ்வளவு தூரத்தில்? எத்தனை விநாடி? ஒன்று விடுபட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

எழுதிப் பார்த்தாலே பாதி இடம் கழிந்துவிடும். கட்டிங்கிலிருந்து தையலுக்குப் போகும் பண்டில் ஒவ்வொன்றாக ஒருவர் கையில்தான் போகிறது. அதற்குப் பார்கோடு சீட்டே போதும். அடிக்கடி அழுக்காகிறது, கிழிகிறது என்றால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் எச்எஃப் அட்டை (கிட்டே வைத்துப் படிக்கும் ஆர்எஃப்ஐடி அட்டை) ஒன்றைப் பண்டிலோடு கட்டிவிடலாம். ஒவ்வொரு பீஸிலும் டேக் போடுவதற்குப் பலன் தொடங்குவது பேக்கிங்கில்தான்: மூடிய அட்டைப்பெட்டிக்குள் 40, 60 பீஸ், திறக்காமல் எண்ண வேண்டும், சைஸ் வாரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், சில விநாடிதான் அவகாசம். பார்கோடால் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். இந்தத் தேவை உங்களிடம் இல்லை என்றால் ஆர்எஃப்ஐடி தண்டச் செலவு. தயங்காமல் பார்கோடோடு நின்றுகொள்ளுங்கள்.

அலைவரிசை

125–134 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் எல்எஃப், தண்ணீரையும் உடம்பையும் ஊடுருவும். ஆனால் சில சென்டிமீட்டர்தான், ஒவ்வொன்றாகத்தான். மாட்டின் காது டேக்குக்குச் சரி. 13.56 மெகாஹெர்ட்ஸ் எச்எஃப், நூலகப் புத்தகத்திலும் போனின் என்எஃப்சியிலும் இருப்பது. பெரிய ஆன்டெனா வைத்தாலும் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. பேட்டரி வைத்த டேக்குகள், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத் பீக்கன், 433 மெகாஹெர்ட்ஸ் கண்டெய்னர் டேக் போன்றவை, விலையுயர்ந்த பொருள் எந்த அறையில் இருக்கிறது என்று விடாமல் தெரிய வேண்டும் என்றால்தான். டி-ஷர்ட்டுக்கு அவை கணக்கில் வராது.

மிஞ்சுவது 860–960 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப். பேட்டரி கிடையாது, ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். ஐஎஸ்ஓ 18000-63 என்றோ ஜென்2 என்றோ பெட்டியில் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றே. ஆடைத் தொழில் முழுக்க இதில்தான் ஓடுகிறது.

டேக் உலகத்துக்கே பொது, ரீடர் அப்படியில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 902–928, ஐரோப்பாவில் முக்கியமாக 865.6–867.6. இந்தியாவில் 2005 முதல் 865–867 உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், 2021 விதிகளில் அது 868 வரை நீட்டப்பட்டது. 2005 விதியின்படி அனுப்பும் கருவியின் வலு 1 வாட்டுக்குள்ளும், ஆன்டெனாவோடு சேர்ந்த கதிர்வீச்சு 4 வாட் ஈஆர்பிக்குள்ளும் இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்க மாடலை வாங்கிவிட்டால், அது இங்கே மொபைல் நிறுவனங்களின் 900 பேண்டில் போய் இடிக்கும். சட்டப்படியும் தவறு, இரைச்சலில் படிப்பும் கெடும். வாங்கும் ஆர்டரிலேயே “இந்திய அலைவரிசை, டபிள்யூபிசி-யின் ஈடிஏ சான்றுடன்” என்று எழுதுங்கள். டபிள்யூபிசி என்பது மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவு, ஈடிஏ அது தரும் கருவி ஒப்புதல். அக்கம்பக்கத்தில் லோரா (தொலைதூர ரேடியோ) மீட்டர்கள் இருந்தால் அவையும் இதே 865–867-ல்தான் பேசும் என்பது நினைவிருக்கட்டும்.

டேக்: உங்கள் கையில் இருப்பதும் இல்லாததும்

ஏற்றுமதி ஆடையில் டேக்கைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நீங்கள் அல்ல, பையர். 2003-ல் வால்மார்ட், தன் முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரி முதல் பெட்டியிலும் பேலட்டிலும் டேக் ஒட்ட வேண்டும் என்று அறிவித்த காலத்திலிருந்தே கட்டளை மேலிருந்துதான் வருகிறது. அமெரிக்கப் பையர்கள் பலர் அலபாமாவில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஆர்எஃப்ஐடி ஆய்வகம் நடத்தும் ஏஆர்சி சோதனையில் தேறிய இன்லேயைத்தான் (டேக்குக்குள் சிப்பும் ஆன்டெனாவும் சேர்ந்த மெல்லிய படலம்) ஏற்பார்கள். தயாரிப்பு விவரக் கோப்பான டெக் பேக்கில் எந்தப் பிரிவு என்று எழுத்தாகக் குறித்திருப்பார்கள். ஹேங்டேக்கும் (ஆடையில் தொங்கும் அட்டை) விலைச்சீட்டும் ஏவரி டெனிசன், செக்பாயின்ட், எஸ்எம்எல் போன்ற, பையர் நியமித்த நிறுவனத்திடமிருந்து வரும்; நம்பர் முன்பே எழுதப்பட்டிருக்கும். இந்த நிலையில் டேக்கை மாற்ற முயல வேண்டாம். “இதே மாதிரிதான், விலை குறைவு” என்று கொண்டுவருபவரின் டேக் உங்கள் மேசையில் நன்றாகவே படிபடும், பையரின் கிடங்கில் நிராகரிக்கப்படும்.

ஆனால் டேக் எங்கே உட்காருகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. படிப்புத் தரத்தை அதிகம் கெடுப்பதும் அதுதான்.

முதலில் துணி. உலர்ந்த பருத்தி யுஎச்எஃப்-ஐத் தடுக்காது. ஸ்டீம் அயர்னிங் முடிந்த கையோடு பாலிபேக்கில் போட்ட பருத்தியில் ஈரம் இருக்கும், ஈரம் அலையை விழுங்கும். ஆறவிட்டு மடித்தால் பூஞ்சையும் வராது, டேக்கும் படிபடும். அடுத்தது உலோகம். முன்பக்கம் முழுக்க ஃபாயில் பிரிண்ட் போட்ட பீஸ், ஜரிகை நூல் கலந்த பின்னல், பெரிய உலோக ஜிப், உள்ளே அலுமினியப் பூச்சு உள்ள பை இவையெல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும். ஹேங்டேக் ஃபாயிலின் மேல் நேராகப் படியாமல் கழுத்துப் பக்கமோ கைப் பக்கமோ தள்ளிவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் விலகலே வித்தியாசம் காட்டும்.

மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. மடிப்பு ஒரே மாதிரி, ஹேங்டேக் ஒரே இடத்தில், 24 பீஸ் ஒன்றன்மேல் ஒன்று. மெல்லிய துணியானால் 24 டேக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் அடுக்கப்பட்டுவிடும். அருகருகே இருக்கும் ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று சுருதி கெடுக்கும், நடுவில் இருப்பவை ஊமையாகும். பேக்கிங் ஆள்களிடம் ஒன்றுவிட்டு ஒன்று தலைமாற்றி அடுக்கச் சொன்னால் போதும். பையரின் பேக்கிங் விதி அதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஹேங்டேக்கை மட்டும் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் சரித்துவிடலாம். செலவே இல்லாத வேலை. விலையுயர்ந்த ரீடருக்கு மாறுவதைவிட இதில் பலன் அதிகம்.

வாஷ் கேர் லேபிளுக்குள் தைக்கும் டேக் என்றால் தையல் கோட்டுக்கு வெளியே சிப் இருக்கும்படி லேபிளில் குறியிடச் செய்யுங்கள். ஊசி ஆன்டெனாவின் கோடியைத் துளைத்தால் தூரம் குறையும், சிப்பைத் துளைத்தால் டேக் செத்தது. அயர்ன் பாக்ஸின் அழுத்தமும் சிப் இணைப்பை விரிசல் விடவைக்கும்.

சொந்த பிராண்டுக்கோ உள்நாட்டு வாடிக்கையாளருக்கோ நீங்களே டேக் வாங்குகிறீர்கள் என்றால் இன்லே அளவில் ஆரம்பியுங்கள். சுமார் 70 × 14 மில்லிமீட்டர் இன்லே பொதுவான ஹேங்டேக்கில் அடங்கும், எந்தத் திசையிலும் ஓரளவு படிபடும். அழகுக்காகச் சின்ன இன்லேக்குப் போனால் பெட்டியின் நடுவில் இருப்பதை இழப்பீர்கள். சிப் என்று வரும்போது இம்பிஞ்ச் எம்700 வரிசை, என்எக்ஸ்பி யூகோட் 8, 9 ஆகியவை இப்போது பரவலாக உள்ளவை. சிப் விழிக்கத் தேவையான சக்தி −23, −24 டிபிஎம் அளவில் இருக்கும் (1 மில்லிவாட்டைச் சைபராக வைத்து வலுவைச் சொல்லும் அளவு டிபிஎம்). மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக நல்லது. “யூசர் மெமரி” கூடுதலாக உள்ள சிப்புக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆடைக்குத் தேவை ஒரு நம்பர் மட்டுமே, மற்ற விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கட்டும்.

நம்பர் எழுதுவது

ஒரு டி-ஷர்ட் டேக்கில் பொதுவாக இருப்பது எஸ்ஜிடிஐஎன்-96 என்ற எண் வடிவம். மொத்தம் 96 பிட்: தலைப்புக்கு 8, வடிகட்டும் குறிக்கு 3, பிரிவுக் குறிக்கு 3, நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்து 44, சீரியலுக்கு 38. பதினாறடி எண்ணில் (0–9, ஏ–எஃப்) எழுதினால் 24 இலக்கம், எப்போதும் 30 என்று தொடங்கும். பெட்டிக்கான எஸ்எஸ்சிசி 31 என்றும், திரும்பி வரும் கூடை, பேலட்டுக்கான ஜிஆர்ஏஐ 33 என்றும் தொடங்கும். மென்பொருளில் முதல் வேலையாக இந்த இரண்டு இலக்கத்தை வைத்து வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் லோடிங் பேயில் நிற்கும் லாரியின் ஃபாஸ்டேக்கையும் கதவு ரீடர் சரக்காக எண்ணும். அதுவும் இதே யுஎச்எஃப் டேக்தான்.

பொருள் எண் ஸ்டைல், நிறம், சைஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. ஏற்றுமதியில் அது பையருடைய எண். உள்நாட்டு பிராண்டுக்கு, பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவிடம் பதிவு செய்து 890-ல் தொடங்கும் எண் வாங்க வேண்டும்.

38 பிட்டில் சுமார் 27,488 கோடி சீரியல் அடங்கும். தீர்ந்துபோகுமோ என்ற கவலை வேண்டாம். வேண்டிய கவலை இரட்டிப்பு. ஒரே ஆர்டரை மூன்று ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பிரித்துக் கொடுத்து, மூவரும் தங்கள் பிரின்டரில் சீரியலை 1 என்று தொடங்கினால், மூன்று பீஸுக்கு ஒரே நம்பர். உங்களிடம் தனித்தனியாக எண்ணும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பையரின் கிடங்கில் மூன்று பெட்டியும் ஒன்றாகக் கடக்கும்போது 144 பீஸ் 48 ஆகச் சுருங்கும். ஷார்ட்டேஜ் என்று டெபிட் நோட் (பணப் பிடித்தச் சீட்டு) வரும். தீர்வு இரண்டு: யூனிட்டுக்கு யூனிட் சீரியல் எல்லையைப் பிரித்து எழுத்தில் கொடுப்பது, அல்லது சிப்பின் மாற்ற முடியாத டிஐடி எண்ணிலிருந்தே சீரியலை உருவாக்கும் முறையைப் பிரின்டரில் இயக்குவது. பல ஊரில் அச்சடிப்பவர்களுக்கு இரண்டாவதே பாதுகாப்பு. எழுதி முடித்ததும் இந்த நம்பர் இருக்கும் இபிசி பகுதியை அக்சஸ் பாஸ்வேர்டு வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாத டேக்கை யார் வேண்டுமானாலும் கையடக்க ரீடரால் திருத்தலாம்.

ஆர்எஃப்ஐடி பிரின்டரில் புது ரோல் மாட்டும் ஒவ்வொரு முறையும் கேலிபரேஷன் ஓட்ட வேண்டும். இன்லேக்கள் ரோலில் எந்த இடைவெளியில் இருக்கின்றன, எந்த வலுவில் எழுதினால் பக்கத்து இன்லேயைத் தொடாமல் இருக்கும் என்பதை அது கண்டுபிடிக்கும். தவிர்த்தால் ஒரு லேபிளின் நம்பர் அடுத்த லேபிளில் ஏறும். மேலே அச்சான சைஸ் எம், உள்ளே எழுதியது எல். கண்ணுக்குத் தெரியாத தவறு இது. எழுத முடியாத டேக்கின் மேல் “வாய்டு” என்று அச்சடித்துத் தள்ளும் வசதியை அணைத்து வைக்காதீர்கள்.

முன்பே எழுதிய டேக் வரும்போது ஆர்டரைவிடச் சில சதவீதம் கூடுதலாக வரும். பேக்கிங் முடிந்ததும் மீதியை எண்ணி, வெட்டி அழித்து, பதிவு வைக்க வேண்டும். டிராயரில் கிடக்கும் மீதி டேக்தான் அடுத்த மாதம் “பெட்டியில் ஒரு பீஸ் அதிகம்” என்று வந்து நிற்கும்.

ரீடரும் ஆன்டெனாவும்: ஒரு கணக்கு

ரீடர் 30 டிபிஎம், அதாவது 1 வாட். ஆன்டெனாவுக்குப் போகும் எல்எம்ஆர்-240 கேபிள் 6 மீட்டர் என்றால் சுமார் 1.5 டிபி போகும் (வலு கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு டிபி; 3 டிபி போனால் வலு பாதி), கனெக்டர்களில் அரை டிபி. ஆன்டெனா 8.5 டிபி கூட்டும். வெளியேறுவது 36.5 டிபிஎம். 4 வாட் ஈஆர்பி என்பது 38.17 டிபிஎம் ஈஐஆர்பிக்குச் (எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட அளவு) சமம், ஆகவே வரம்புக்குள்தான். ஆன்டெனா வட்ட முனைவாக்கம் (அலை சுழன்று செல்லும்), டேக் நேர்முனைவாக்கம் (ஒரே திசையில் அதிரும் அலையை ஏற்கும்) என்பதால் 3 டிபி கழியும்: 33.5. வெற்றுவெளியில் 866 மெகாஹெர்ட்ஸ் அலை 3 மீட்டரில் 40.7 டிபி இழக்கும். டேக்கில் விழுவது −7 டிபிஎம் அளவு. −23-ல் விழிக்கும் சிப்புக்கு 16 டிபி உபரி.

இந்த 16 டிபி கேட்க வசதியாக இருக்கிறது. ஈரப் பருத்தி, பக்கத்து டேக்கின் குறுக்கீடு, டேக் ஆன்டெனாவை நோக்கி முனையைக் காட்டித் திரும்பியிருப்பது எல்லாம் சேர்ந்தால் அதைச் சாப்பிட்டு முடித்துவிடும். பெட்டிக்கு வெளியே ஒட்டிய டேக்கோ அதே 16 டிபியைக் கொண்டு மூன்று மீட்டரையும் தாண்டி வெகுதூரம் பேசும். இடைவெளி குறுகுவது இப்படித்தான். தூரத்தை 3 மீட்டரிலிருந்து 75 சென்டிமீட்டராக்கினால் 12 டிபி லாபம். அந்த லாபத்தைக் கொண்டு ரீடரின் வலுவைக் குறைத்தால் பக்கத்து மேசை மறையும். ஆகவே விதி எளிது: கிட்டே கொண்டுவா, வலுவைக் குறை, சுற்றி மறை.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய எல்எம்ஆர்-195 மீட்டருக்குச் சுமார் 0.36 டிபி விழுங்கும், தடித்த எல்எம்ஆர்-400 சுமார் 0.13. பத்து மீட்டர் ஓட்டத்தில் இரண்டுக்கும் 2.3 டிபி வித்தியாசம். அதைவிட, ரீடரையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து நெட்வொர்க் கேபிளை நீட்டுவது மேல். அதில் ஒரு சிக்கல்: சில ரீடர்கள் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் சாதாரண பிஓஇ சுவிட்சில் முழு வலு தராது, பிஓஇ பிளஸ் கேட்கும். ஆன்டெனா மாட்டாத போர்ட்டை மென்பொருளில் அணைத்து வையுங்கள். ரீடர் இயங்கும்போது கேபிளைக் கழற்ற வேண்டாம்.

பேக்கிங்குக்கு மூன்று வடிவம் உண்டு. சிறு யூனிட்டுக்குக் கையடக்க ரீடர் போதும். பெட்டியைத் தனியே இரண்டு மீட்டர் தள்ளிவைத்து, நான்கு பக்கமும் சுற்றிப் படிக்கலாம். மெதுவான வேலை, ஆளின் கையைப் பொறுத்தது. அடுத்தது உலோகத் தகடு போர்த்திய பெட்டகம்: கதவைத் திறந்து கார்ட்டனை வைத்து மூடினால் உள்ளே உள்ளது மட்டும் படிபடும். ஒரு நாளைக்குச் சில நூறு பெட்டிகள் அனுப்பும் யூனிட்டுக்கு இதுவே எங்கள் பரிந்துரை. மூன்றாவது கன்வேயர் டனல், நாளுக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு.

டனலில் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். டனல் 1.2 மீட்டர், பெட்டி 60 சென்டிமீட்டர், கன்வேயர் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் என்றால் பெட்டி முழுமையாக உள்ளே இருப்பது 2 விநாடி. நான்கு ஆன்டெனாவை ரீடர் மாறிமாறி இயக்குவதால் ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி. 48 டேக்குக்கு அது போதும், 200 உள்ளாடை டேக்குக்கு இறுக்கம். பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது டனல் நீளம் இடைவெளி விட வேண்டும்.

அமைப்புகளில் இரண்டைத் தெரிந்து வைத்திருங்கள். டேக்குகள் மோதாமல் பதில் சொல்ல ரீடர் எத்தனை இடம் ஒதுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஆரம்ப கியூ மதிப்பை, 2-ஐ அத்தனை முறை பெருக்கினால் எதிர்பார்க்கும் டேக் எண்ணிக்கைக்கு அருகில் வரும்படி வையுங்கள். 48 பீஸுக்கு 6. செஷன் என்பது ஒருமுறை பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் வாய்மூடி இருக்கும் என்பது. செஷன் 1-ல் அரை விநாடி முதல் 5 விநாடி வரை. செஷன் 2, 3-ல் சக்தி இருக்கும்வரை, போனபின்பும் குறைந்தது 2 விநாடி. கூட்டம் அதிகமானால் செஷன் 2 நல்லது, பலத்த டேக்குகள் அடங்கி, பலவீனமானவற்றுக்கு வாய்ப்பு வரும். ஆனால் ஒரு பெட்டியைப் படித்த உடனே திருப்பி அனுப்பினால் சைபர் என்று காட்டும். கருவி கெட்டதென்று சர்வீஸுக்குப் போன் போடுவதற்கு முன் அரை நிமிடம் பொறுத்து அனுப்பிப் பாருங்கள்.

பெட்டி கணக்கு ஒட்டாதபோது

டனலோ பெட்டகமோ, வேலை ஒன்றே: பேக்கிங் லிஸ்டில் உள்ள அசார்ட்மென்ட்டோடு (சைஸ், நிறம் வாரியான கணக்கு) படிபட்டதை ஒப்பிட்டு, சரியென்றால் கார்ட்டன் லேபிள் அச்சடிக்க விடுவது, இல்லையென்றால் தடுப்பது. லேபிள் அச்சடித்தபின் படிப்பது பலனற்றது. தவறான பெட்டியும் லேபிளோடு குடோனுக்குப் போய்விடும்.

குறைவாக வந்தால் உடனே பெட்டியைப் பிரிக்க வேண்டாம். கால்வட்டம் திருப்பி மறுபடி அனுப்புங்கள். அப்போது சரியானால் அது அடுக்கு நெருக்கம் அல்லது திசைக் கோளாறு, அடுக்கும் முறையைத் திருத்த வேண்டும். மறுபடியும் அதே ஒன்று குறைந்தால் திறந்து எண்ணுங்கள். பீஸே இல்லை, பீஸ் உண்டு டேக் இல்லை, டேக் உண்டு உயிர் இல்லை என மூன்றில் ஒன்று. செத்த டேக்குகள் ஒரே ரோலிலிருந்து வருகின்றனவா என்று குறித்து வைத்தால், சப்ளையரிடம் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

அதிகமாக வந்தால் எந்த நம்பர் அதிகம், எவ்வளவு பலமாகப் படிபட்டது, எத்தனை முறை என்று ரீடரின் லாகில் (பதிவேட்டில்) பாருங்கள். பலவீனமாக ஓரிரு முறை மட்டும் படிபட்டால் வெளியிலிருந்து கசிந்தது. பலமாகப் பலமுறை வந்தால் உண்மையிலேயே உள்ளே இருக்கிறது. பீஸின் மடிப்பில் இன்னொரு டேக் மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது மாற்றுச் சைஸ் டேக் போட்டுவிட்டு முதல் டேக்கைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள்.

எண்ணிக்கை சரி, சைஸ் மட்டும் ஒன்று மாறியிருந்தால் அது பெரும்பாலும் ஹேங்டேக் மேசையில் நடந்த குழப்பம். ஒரு மேசையில் ஒரே நேரத்தில் ஒரு சைஸ் டேக் கட்டு மட்டுமே இருக்க வேண்டும். இதைக் கண்டிப்பாக்கினாலே பாதி தடுப்புகள் நிற்கும்.

கண்டெய்னர்

பெட்டி லேபிளில் உள்ள எஸ்எஸ்சிசி எண்ணோடு உள்ளே உள்ள பீஸ் எண்களைக் கட்டிவிட்டால், லோடிங்கில் ஒவ்வொரு பீஸையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. பெட்டி எண் மட்டும் போதும், அது பார்கோடாகவே இருக்கலாம். கண்டெய்னருக்குள்ளே ரீடர் வைத்துப் படிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். நான்கு பக்கமும் இரும்பு, அலை எதிரொலித்துக் கதவு வழியே லோடிங் பேயில் கிடக்கும் மற்றச் சரக்கையும் இழுத்துவரும். வேண்டாம்.

தொழிற்சாலையிலேயே சீல் வைக்கும் ஏற்றுமதியாளர்களுக்குச் சுங்கத்துறை 2017-ல் ஆர்எஃப்ஐடி மின்சீலைக் கட்டாயமாக்கியது. அதுவும் யுஎச்எஃப் தான், துறைமுகத்தில் படிப்பார்கள், வெட்டப்பட்டிருந்தால் காட்டிவிடும். உங்கள் பீஸ் டேக் அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை. அங்கீகரித்த விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும், ஒருமுறை பூட்டியதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பூட்டியதும் ஒருமுறை படித்துச் சரிபார்த்து, சீல் எண்ணை ஷிப்பிங் பில்லோடு ஒப்பிட்டபின் லாரியை விடுங்கள்.

ஆடை அல்லாத சரக்கு

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வாகன உதிரிபாகக்காரர்களின் இரும்புக் கூடைக்குச் சாதாரண லேபிள் டேக்கை நேராக ஒட்டினால் செத்ததற்குச் சமம். உலோகத்துக்கென்றே செய்த, நடுவே நுரையோ பீங்கானோ வைத்த டேக் வேண்டும். விலை பல மடங்கு, ஆனால் கூடை ஆண்டுக்கணக்கில் திரும்பி வருவதால் கட்டுப்படி ஆகும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு மாட்டினால் ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கம் எடுத்தாலும் படிபடும். ஒட்டுப் பசையை நம்பாமல் ரிவெட் அடியுங்கள், கழுவும் இடத்தில் பசை பெயரும்.

எண்ணெய் கேன், ஷாம்பு, ஜூஸ் போன்றவற்றில் திரவம் தொடும் சுவரில் ஒட்டாமல் மூடிக்குக் கீழே காற்று இருக்கும் இடத்திலோ, அட்டைப்பெட்டியின் வெளிப்பக்கத்திலோ ஒட்ட வேண்டும். தனித்தனி பாட்டிலை எண்ண ஆசைப்படாமல் பெட்டிக்கு ஒன்று என்று நின்றுகொள்வது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் சோதனை

விற்பவரின் மாதிரிப் பெட்டியில் அல்ல, உங்கள் சரக்கில், உங்கள் ஹாலில், உற்பத்தி நடந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். ஒரு நாள் போதும்.

1. இருப்பதிலேயே மோசமான ஸ்டைலை எடுங்கள்: ஃபாயில் பிரிண்ட், மெல்லிய துணி, பெட்டிக்கு அதிக பீஸ். பத்துப் பெட்டி, உண்மையான பேக்கிங் முறையில். ஒவ்வொன்றிலும் உள்ள நம்பர்களைத் தனித்தனியாகப் படித்து முன்பே பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு பெட்டியையும் நான்கு திசையிலும் அனுப்புங்கள். ரீடரின் வலுவை 30 டிபிஎம்மிலிருந்து ஒவ்வொரு டிபியாகக் குறைத்து, முதல் டேக் விடுபடும் எண்ணைக் குறியுங்கள்.

3. இப்போது பட்டியலில் இல்லாத டேக்குகள் கொண்ட பெட்டி ஒன்றை, நிஜத்தில் பக்கத்துப் பெட்டி எங்கே நிற்குமோ அங்கே வையுங்கள். வலுவைக் கீழிருந்து ஏற்றி, அது முதலில் படிபடும் எண்ணைக் குறியுங்கள்.

4. அயர்னிங்கிலிருந்து நேராக வந்த பீஸை வைத்து இரண்டாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

உலர்ந்த பெட்டி 19-ல் விடுபட ஆரம்பித்தது, ஈரமானது 22-ல், அந்நியப் பெட்டி 28-ல் தலைகாட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-ல் நிறுத்தினால் இரண்டு பக்கமும் மூன்று டிபி கிடைக்கிறது, ஓட்டலாம். ஈரமானது 25, அந்நியம் 26 என்று வந்தால் அந்த இடத்தில் அந்த அமைப்பு நிலைக்காது. தகடு போர்த்துவது, ஆன்டெனாவைக் கிட்டே கொண்டுவருவது, அடுக்கும் முறையை மாற்றுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து மறுபடி அளக்க வேண்டும். விற்பவர் அப்போது வலுமிக்க ரீடர் ஒன்றை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். அது இரண்டு எண்களையும் சேர்த்தே நகர்த்தும், நடுவிலுள்ள இடைவெளி அப்படியே இருக்கும்.

இந்த மூன்று எண்களையும், எந்த ஸ்டைலில், எந்தப் பெட்டி அளவில் எடுத்தது என்பதோடு பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்த்து, நிறுவியபின் இதே சோதனையில் இதே இடைவெளி வந்தால்தான் கடைசித் தவணை என்று எழுதுங்கள். ரீடரின் மூல லாகை, அதாவது நம்பர், ஆன்டெனா, பலம், நேரம் நான்கையும் உங்கள் சர்வரிலேயே சேமிக்கும் உரிமையும் அதில் இருக்கட்டும். ஷார்ட்டேஜ் என்று பையர் ஆறு வாரம் கழித்து மெயில் போடும்போது உங்கள் மெர்ச்சன்டைசர் (பையரோடு ஆர்டர் விஷயம் பேசுபவர்) தேடப் போவது அதைத்தான்.